அக்காளின் மடல்

அக்காள் பனியன் கம்பெனிக்குச் சென்று உழைத்துக்கொண்டிருக்க, தங்கைக்கு முதலில் மணப்பேச்சு வந்துவிடும் குடும்பங்களைத் திருப்பூரில் நாம் கண்டிருக்கிறோம். "மூத்தவளுக்கு ஒன்றும் வருத்தமில்லை" என்று பெற்றோர் கூறுவர். அவளைக் கேட்டறிந்துதான் கூறுகின்றனரா? அவள் உள்ளத்தில் ஓர் ஏக்கம் எழுமாயின், அது பொறாமை என்னும் பாவத்தைச் சேருமா? இவ்வினாக்கள் எழும்போதெல்லாம், ஹாலந்து நாட்டில் ஒளிந்து வாழ்ந்த யூதச் சகோதரியர் இருவர் நம் நினைவுக்கு வருகின்றனர்.

இரண்டாம் உலகப் போரில் ஹாலந்து நாஜிகளின் பிடியில் இருந்தது. 1942 ஜூலை 5ஆம் நாள், வேலை முகாமுக்குப் புறப்படுமாறு ஓர் ஆணை, ஓட்டோ ஃபிராங்க் என்பாரின் மூத்த மகளான 16 வயது மார்கோவின் பெயருக்கு வந்தது. மறுநாளே பெற்றோரும் மார்கோவும் தங்கை ஆனும், ஆம்ஸ்டர்டாமில் தந்தையின் வணிக நிலையத்துப் பின்கட்டில் மறைந்துகொண்டனர். தந்தையுடன் பணியாற்றிய ஒருவரின் குடும்பத்தார் மூவரும், பின்னர்ப் பல் மருத்துவர் ஒருவரும் சேர, எண்மர் ஆயினர். கீழே ஆட்கள் வேலை செய்யும் பகற்பொழுதில் உரக்கப் பேசவும் இயலாது, நடப்பதும் மெல்லத்தான்.

அங்கிருந்த இளைஞன் பீட்டர் ஒருவனே. 1944ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 14 வயது ஆன் அவன்பால் நேசம் கொண்டாள். அவனுக்கு வயது 17, மார்கோவுக்கு 18. அக்காளுக்கும் அவன்மீது விருப்பம் இருக்குமோ என்ற ஐயம் தங்கையை உறுத்திற்று. அதை மறைக்காமல் அக்காளிடமே பேசினாள். தனக்குப் பொறாமை இல்லை என்றாள் மார்கோ. பின்னர், மார்ச் 20ஆம் நாள், ஒரே கூரையின்கீழ் இருந்த தங்கைக்கு ஒரு மடல் எழுதினாள். தான் முன்பு சொன்னது முழு உண்மையன்று என அதில் ஒப்புக்கொண்டாள். உங்களிருவர்மீதும் பொறாமை இல்லை. உள்ளத்தைப் பகிர்ந்துகொள்ள எனக்கொருவர் வாய்க்கவில்லையே என்பதுதான் வருத்தம். நீங்களிருவரும் ஒருவரையொருவர் நம்பி வாழவேண்டும் என்பதே அம்மடலின் கருத்து.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இரண்டு உணர்வுகளைப் பிரித்துக் காட்டுகின்றார்கள். பிறருக்குக் கிடைத்த நலம் அவரைவிட்டு நீங்கவேண்டுமென விரும்புவது ஹஸது. அது அவரிடம் நிலைத்திருக்க, அதுபோன்றது நமக்கும் கிட்டாதா என ஏங்குவது கிப்தா. முன்னது விலக்கப்பட்டது, பின்னது குற்றமன்று. மார்கோ அரபி அறியாதவள். எனினும் அவள் மடல் இவ்விரண்டுக்கும் இடையே தெளிவாகக் கோடு கிழித்துவிட்டது. ஏக்கத்தை மறைத்தால்தான் நல்லவள் என்று எண்ணுகிறோமே, அது தவறு. ஏக்கத்தை ஒப்புக்கொண்டபின் வாழ்த்தியமையாலன்றோ அவள் வாழ்த்துக்கு மதிப்பு!

அவள் விட்டுக்கொடுத்தாளா, அன்றி விருப்பமே கொள்ளவில்லையா? நாம் தீர்ப்புக் கூறவியலாது. அவளும் நாட்குறிப்பு எழுதிவந்தாள். அது நமக்குக் கிடைக்கவில்லை. தங்கையின் நாட்குறிப்பில் இடம்பெற்றதைக் கொண்டே பெரும்பாலும் அவளை அறிகிறோம். எத்தனையோ குடும்பங்களில் மூத்தவளின் கதையும் இப்படித்தான், பிறர் வாய்மொழியாகவே நிற்கின்றது.

1944 ஆகஸ்டு 4ஆம் நாள் எண்மரும் பிடிபட்டனர். 1945இன் தொடக்கத்தில், பெர்கன்-பெல்சன் முகாமில் சகோதரியர் இருவரும் நோயுற்று மாண்டனர். இறுதி நாட்களில் ஒன்றாகவே இருந்தனர். பீட்டரும் முகாமில் மடிந்தான். எஞ்சியவர் தந்தை ஒருவரே. அவர் முயற்சியால் 1947இல் ஆனின் நாட்குறிப்பு நூலாயிற்று.

சாவு வாசலில் நின்ற வீட்டில், 14 வயதுச் சிறுமிக்கு அக்காளின் மனத்தை அறியவேண்டும் என்று தோன்றியது. யாதொரு அச்சமுமின்றி வாழும் நாம், இன்றிரவு ஷிஃப்டு முடித்துத் திரும்பும் நம் மூத்த மகளை அருகில் அமர்த்தி, "உனக்கு வருத்தமா, அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன?