பன்னிரண்டாயிரம் விவரங்களும் ஊழும்

டெக்சஸ் மாநிலத்து இர்விங் நகரின் ஏக்தா மந்திர் கோயிலில் அர்ச்சனைக்கு நிற்பவரிடம் பெயர், கோத்திரம், நட்சத்திரம் கேட்பார்கள். மூன்றே விவரம். அதே ஊரின் லாஸ் கொலினாஸ் பகுதி அலுவலகத்திலிருந்து திரும்பி, இரவில் கணினிசார் சமூக அறிவியலில் முதுநிலைச் சான்றிதழ் படிக்க உட்காரும் தமிழருக்கோ விவரங்களுக்கு முடிவே இல்லை. புள்ளியியல், நிரல், வலைப்பின்னல் ஆய்வு என்று நான்கைந்து பாடங்கள்தான். அவற்றின் அடியில் கிடக்கும் கேள்வி மட்டும் மிகப் பழையது: ஒருவரின் வாழ்க்கை எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா?

தமிழ் இதை விடாமல் விவாதித்திருக்கிறது. எல்லாம் நியதிப்படியே நடக்கும், முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்றது ஆசீவகம் என்ற பழைய சமயம். அதை மறுப்பதற்கென்றே நீலகேசியில் ஒரு சருக்கம் உண்டு. வள்ளுவரோ 38ஆம் அதிகாரத்தை ஊழுக்கும், 62ஆம் அதிகாரத்தை முயற்சியைப் போற்றும் ஆள்வினையுடைமைக்கும் தந்தார்.

இதே கேள்வியைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மேத்யூ சால்கானிக்கும் சக ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க நகரங்களில் பிறந்த குழந்தைகளின் 4,242 குடும்பங்கள். பிறப்பு முதல் ஒன்பது வயது வரை திரட்டிய 12,942 விவரங்கள். பதினைந்து வயதில் பிள்ளையின் மதிப்பெண் எவ்வளவு, குடும்பம் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டதா என்பன போன்ற ஆறு விளைவுகளை 160 குழுக்கள் கணித்தன.

2020இல் முடிவு வெளியானது. சிறந்த கணிப்பும் பலவீனமாகவே இருந்தது. தாயின் இனம், படிப்பு, மணநிலை, ஒன்பது வயதில் பிள்ளையின் நிலை என்ற நான்கே விவரங்களை வைத்துப் போட்ட எளிய கணக்கை அது சற்றுத்தான் மிஞ்சியது.

ஊழ் இல்லை என்று இதனால் நிரூபணமாகிவிடவில்லை. ஊழ் இருக்கிறது, உங்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்று ஆசீவகர் பதில் சொல்லலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், தெரியாத ஒன்றை வைத்து ஒரு குழந்தைக்குத் தீர்ப்பெழுத யாருக்கு உரிமை?

இது ஏட்டுக் கேள்வி அல்ல. வெங்கடேசப் பெருமாள் கோயிலால் தமிழர் நன்கறிந்த பிட்ஸ்பர்க், அலெகேனி கவுன்ட்டியில் இருக்கிறது. குழந்தை நலன் பற்றி வரும் புகார்களுக்கு, 2016 முதல் அங்கே ஒரு கணினிக் கருவி 1 முதல் 20 வரை அபாய மதிப்பெண் போடுகிறது. எந்தப் புகாரை விசாரிக்கலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரியின் முன்னால் அந்த எண் இருக்கிறது. எந்த ஊரில் அதிக உதவி தேவை என்று அறிய இத்தகைய கணக்கு பேருதவி. ஒரு வீட்டுக் கதவின் முன் நிற்கும்போது அதே கணக்கின்மேல் அச்சம் வேண்டும். சான்றிதழ் பெறுபவர் நிரலோடு சேர்த்துப் படிக்க வேண்டிய பாடம் இந்த வேறுபாடு.

சால்கானிக்கின் குழுவினர் அட்டவணையோடு நிற்கவில்லை. கணிப்புப் பொய்த்த காரணத்தை அறிய, தங்கள் ஆய்வில் இருந்த குடும்பங்களில் சிலவற்றைத் தேடிப்போய், உட்கார்ந்து பேசினார்கள். கணக்கெடுப்புக்குப் பின் நேர்ந்தவையும், படிவத்தில் யாரும் கேட்டிராதவையும் அந்தப் பேச்சில்தான் வெளிவந்தன.