கதை கேட்கும் பிளாட்டிபஸ்

"அவரு பாவம்லா தாத்தா? அப்புறம் ஏன் பெர்ரி அவரை அடிக்குது?"

எட்டு வயதுப் பேத்தி இப்படிக் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்தவள், என் பக்கத்தில் உட்கார்ந்து 'ஃபினியஸ் அண்ட் ஃபெர்ப்' பார்த்துக்கொண்டிருந்தாள். 2007இல் டிஸ்னி சேனலில் தொடங்கிய அமெரிக்கக் கார்ட்டூன் அது. கோடை விடுமுறையில் இரண்டு பையன்கள் நாளுக்கொரு அதிசயத்தைக் கட்டி எழுப்புவார்கள். அவர்கள் வீட்டில் வளரும் பிளாட்டிபஸ் பெர்ரி, யாருக்கும் தெரியாமல் தொப்பியை மாட்டிக்கொண்டு உளவு வேலைக்குப் போய்விடும். அது தினமும் போய்த் தடுக்கும் வில்லன்தான் டாக்டர் டூஃபன்ஷ்மெர்ட்ஸ்.

ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் ஒரே சடங்கு. பெர்ரி உள்ளே நுழைந்ததும் பொறியில் சிக்கும். டூஃபன்ஷ்மெர்ட்ஸ் அதன் எதிரே நின்று தன் பால்ய காலக் கதையைச் சொல்லுவார். பிறகு புதிதாகச் செய்த இயந்திரத்தைக் காட்டுவார். பெர்ரி தப்பித்து அதை உடைக்கும். அவர் பெர்ரியைச் சபித்துக் கத்துவார். மறுநாள் இருவரும் மறுபடி சந்திப்பார்கள்.

அவர் சொல்லும் கதைகள்தான் என்னை நிறுத்தின. அவர் பிறந்தபோது பெற்றோர் இருவருமே அங்கே இல்லையாம். வீட்டுத் தோட்டத்தில் காவலுக்கு நின்ற குள்ளச் சிலையைக் கடன்காரர்கள் தூக்கிப் போய்விட, சிலைக்குப் பதிலாக இந்தப் பையனையே அசையாமல் நிற்க வைத்தார் அப்பா. இரவெல்லாம் குளிரில் நின்றான். பிறகு வீட்டுக்கு ஒரு நாய் வந்தது. அது பந்தயங்களில் ஜெயித்தது. அப்பா அதற்கு 'ஒரே மகன்' என்று பெயர் வைத்தார். அம்மாவின் பாசமெல்லாம் தம்பி ரோஜருக்குப் போயிற்று.

குழந்தைகள் இதற்குச் சிரிக்கிறார்கள், சிரிக்கும்படிதான் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவன் நான். தங்கள் சொந்த வீட்டில் சிலைக்குப் பதிலாக நின்ற பிள்ளைகளை வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

தீமை எங்கிருந்து வருகிறது? தெரிந்தே யாரும் தீமை செய்வதில்லை, அறியாமையால்தான் செய்கிறார்கள் என்றார் சாக்ரடீஸ். கிறிஸ்தவப் புனிதர் அகஸ்டீன் தன் வாழ்க்கையையே சாட்சியாக வைத்து வேறொன்று சொன்னார். பதினாறு வயதில் கூட்டாளிகளோடு பேரிக்காய் திருடினார். பசியும் இல்லை, அந்தக் காய்க்கு ஆசையும் இல்லை. தவறு செய்கிறோம் என்பதே இனித்தது என்று எழுதிவைத்தார். டூஃபன்ஷ்மெர்ட்ஸ் இந்த இரண்டிலும் சேராதவர். தான் செய்வது தீமை என்று அவருக்குத் தெரியும், அதை வாய்விட்டே சொல்லுவார். ஆனால் அதில் அவருக்கு இனிப்பு எதுவும் இல்லை. ஒவ்வொரு இயந்திரத்தின் அடியிலும் ஒரு பழைய வலி இருக்கிறது. குள்ளச் சிலையாக நின்றவர் ஊரிலுள்ள குள்ளச் சிலைகளையெல்லாம் ஒழிக்கப் புறப்படுகிறார்.

அப்படியானால் வலிதான் குற்றவாளி, அவர் நிரபராதி என்று விட்டுவிடலாமா? முடியாது. அதற்கும் சாட்சி அந்தத் தொடரிலேயே இருக்கிறது. அவருக்கு வனெஸ்ஸா என்று ஒரு மகள். ஏழு வயதில் அவள் ஒரு பொம்மை கேட்டாள். அது கிடைக்காமல், அவள் வளர்ந்து பெரியவளான பிறகும் இவர் தேடிக்கொண்டே இருக்கிறார். யாரும் கவனிக்காத பிள்ளையாக வளர்ந்தவர், தன் பிள்ளையின் ஒரு ஆசையை மறக்க மாட்டேன் என்று நிற்கிறார். ஒரே காயத்திலிருந்து இயந்திரமும் வந்தது, பொம்மையும் வந்தது. காயம் மனிதனைத் தள்ளும், ஆனால் எந்தப் பக்கம் போவது என்பதை அது தீர்மானிப்பதில்லை. ஆகவே அவரைத் தடுக்கத்தான் வேண்டும்.

எப்படித் தடுப்பது என்பதுதான் பேத்தியின் கேள்வி. சைவத்தில் மறக்கருணை என்று ஒரு சொல் உண்டு. கடுமையின் வடிவில் வரும் அருள் அது. திருச்செந்தூர்க் கடற்கரையில் கந்தசஷ்டியின் ஆறாம் நாள் நாம் கூடிப் பார்ப்பது அதைத்தான். மாமரமாய் நின்ற சூரனை வேல் பிளக்கிறது. பிளந்த பாதிகள் மயிலும் சேவலுமாகின்றன. ஒன்றை முருகன் வாகனமாக்கிக்கொள்கிறான், மற்றொன்றைக் கொடியில் ஏற்றுகிறான். வேல் பிளந்தது சூரனின் ஆணவத்தை. சூரனை இறைவன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான்.

பெர்ரியிடம் நான் கண்டதும் இதன் சாயல்தான். அது ஒரு வார்த்தை பேசாது. பொறியில் கிடந்தபடி, அவர் சொல்லும் கதை முழுவதையும் கேட்கும். கேட்டுவிட்டோமே என்று இயந்திரத்தை விட்டுவைக்காது, உடைத்துவிட்டோமே என்று மறுநாள் வராமலும் இருக்காது. ஒரு கதையில் அவருக்குப் புதிதாக வேறொரு எதிராளி, ஒரு பாண்டா, வாய்க்கிறது. அதைப் பார்த்துப் பெர்ரி மனம் உடைந்துபோகிறது. வெறுப்பு இருந்திருந்தால் நிம்மதியல்லவா அடைந்திருக்க வேண்டும்? கேட்காமல் தடுப்பது வெறும் மறம். கேட்டுவிட்டுத் தடுக்காமல் இருப்பது கருணை ஆகாது. இரண்டும் சேர்ந்தால்தான் அந்தச் சொல் முழுமையாகிறது என்று இந்த எழுபது வயதில் எனக்குப் புரிகிறது. 2015இல் முதலில் முடிவுக்கு வந்தபோது, அந்தத் தொடர் தன் வில்லனைக் கொல்லவில்லை, சிறையில் தள்ளவில்லை. மகளுக்காக அவரே தீமையைக் கைவிடுகிறார்.

பேத்திக்குச் சூரன் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்தவள், "முருகன் சூரன் கதையைக் கேட்டாரா?" என்றாள். கேட்டார் என்றே சொன்னேன். போருக்கு முன்பு வீரபாகுவைத் தூது அனுப்பினார். போரின் நடுவிலும் தன் பெருவடிவைக் காட்டினார். அதைக் கண்டு சூரன் ஒரு கணம் உருகி நின்றான். பிறகுதான் பழையபடி ஆனான். வேல் அதற்கும் பிறகுதான் வந்தது.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நினைவுக்கு வந்தான். சைக்கிள் நிறுத்தும் இடத்தில், கையில் ஆணியோடு அவனைப் பிடித்தவன் நான். ஒன்பது சைக்கிளில் டியூபைக் குத்தியிருந்தான். காலைப் பிரேயரில் எல்லார் முன்னாலும் முட்டி போடவைத்தேன், பிரம்பால் அடித்தேன். அந்த வாரமே டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தடுத்தது சரி. அடித்ததைச் சரி என்று இன்று சொல்ல மாட்டேன். "ஏன்டா செஞ்சே?" என்று நான் கத்தியது நினைவிருக்கிறது, ஆனால் அது கேள்வியே அல்ல. பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை.

ஒன்பது டியூபையும் மறுநாளே ஒட்டிவிட்டோம். பையன்கள் மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவன் எப்படிப் போனான் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.