யுத்தத்தில் மாண்டவர்களை மறவாதிருப்போமாக

(நவம்பர் மாதப் பிரசங்கம்)



நவம்பர் மாதம் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களின் மாதம். நம்மைப் பெற்றவர்கள், உடன்பிறந்தவர்களுடைய கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூமாலை சாத்தி, மெழுகுவர்த்தி கொளுத்தி வேண்டிக்கொள்ளுகிறோம். ஆனால், போய் நின்று வேண்டிக்கொள்ளக் கல்லறையே இல்லாதவர்களும் உண்டு. தூர தேசத்து யுத்தத்தில் மாண்ட நம் தேசத்தாரைக் குறித்து இன்று சற்றுத் தியானிப்போம்.

நம் நாட்டில் சில கிராமங்களில் பழைய கல் ஒன்றைக் காணலாம். 1914 முதல் 1919 வரை நடந்த மகா யுத்தத்துக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் இங்கிலீஷில் வெட்டியிருக்கும். எத்தனை பேர் என்று தெரியும். யார் யார் என்று தெரியாது. அந்த யுத்தத்துக்கு இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கடல் கடந்து போனார்கள். 70,000-க்கு மேற்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. துப்பாக்கி பிடித்தவர்கள் மாத்திரமல்ல. சோறு சமைத்தவர்கள், கோவேறு கழுதை ஓட்டினவர்கள், காயம்பட்டவர்களைச் சுமந்தவர்கள், ரஸ்தா போட்ட கூலியாட்களும் அவர்களில் உண்டு.

ஈராக் தேசத்துப் பஸ்ரா பட்டணத்தில் 1929-ல் திறக்கப்பட்ட ஞாபகச் சின்னம் 40,000-க்கு மேற்பட்டவர்களுக்கானது. அதிலும் இந்தியச் சிப்பாய்களுடைய பெயர்கள் கல்லில் வெட்டப்படவில்லை. படைப்பிரிவு வாரியாகத் தொகை மாத்திரமே வெட்டப்பட்டது. யுத்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் கமிஷனே 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டு, இந்தியர், ஆப்பிரிக்கர் முதலானவர்களுக்குச் சமமான மரியாதை செய்யப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

நமக்குக் கிட்ட, பூந்தமல்லியிலிருந்து பரங்கிமலைக்குப் போகிற சாலையில், நந்தம்பாக்கத்தில் 1952-ல் அமைந்த யுத்தக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் மரித்த 850-க்கு மேற்பட்டவர்கள் அங்கே இளைப்பாறுகிறார்கள். முதல் யுத்த காலத்தில் மரித்து இந்தியாவின் பல ஊர்களில் அடக்கமான 1,000-க்கு மேற்பட்டவர்களுடைய பெயர்களும் அங்கே பின்புறத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு மனிதனைப் பெயர் சொல்லி நினைப்பதே அவனுக்குச் செய்யும் மரியாதை. அந்த மரியாதை கிராமத்து ஏழைக்கும் உரியதல்லவா?

"வெள்ளைக்காரனுக்காக, சம்பளத்துக்காகப் போனவன்தானே, அவனுக்கு எதற்குப் பூசை?" என்று சிலர் கேட்கக்கூடும். மக்கபேயர் இரண்டாம் ஆகமம் 12-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். யூதா மக்கபே, போரில் விழுந்த தன் வீரர்களை அடக்கம் செய்யப் போனபோது, அவர்களுடைய உடுப்புக்குள் விக்கிரகத் தாயத்துகளைக் கண்டான். குற்றவாளிகள் என்று அவர்களைக் கைவிட்டானா? இல்லை. எல்லாரையும் செபிக்கச் செய்து, பணம் திரட்டி, அவர்களுடைய பாவத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்கும்படி ஜெருசலேமுக்கு அனுப்பினான். மரித்தவர்களுக்காகச் செய்யும் வேண்டுதல் தகுதி பார்த்துக் கொடுக்கும் பரிசல்ல. இரக்கத்தினால் செய்யும் உதவி. யாருக்காகப் போர் செய்தான் என்ற விசாரணையைச் சர்வேசுரனிடம் விட்டுவிடுவோம். ஒருவன் பசியினால் போனான், ஒருவன் கடன் அடைக்கப் போனான், ஒருவன் மனதார விரும்பிப் போனான். எல்லாருக்கும் ஆத்துமம் ஒன்றே.

நல்ல மேய்ப்பர் தம் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவர் தலையெண்ணிப் போகிறவரல்ல. ஞானஸ்நானப் புஸ்தகத்தைத் திறந்து பாருங்கள்: பணக்காரன் பிள்ளைக்கும் கூலிக்காரன் பிள்ளைக்கும் ஒரே மை, ஒரே வரி. கல் மறந்த பெயரைக் கர்த்தர் மறக்கிறதில்லை. நாம் மாத்திரம் மறக்கலாமா?

ஆகையால், பிரியமானவர்களே, ஆவடிப் பக்கத்தில் பட்டாளத்துக் குடும்பங்கள் அநேகம். உங்கள் குடும்பத்திலோ சொந்த ஊரிலோ யுத்தத்துக்குப் போய்த் திரும்பாதவர்கள் உண்டானால், பெரியவர்களிடம் பெயரைக் கேட்டு எழுதிவையுங்கள். அவர்கள் போன பின்பு சொல்ல ஆள் இராது. அந்தப் பெயருக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுங்கள். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டம் சந்தித்து மரித்தவர்களுக்காக வேண்டிக்கொண்டு, பாவப் பற்றுதல் நீக்கி, பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி, பாப்பரசர் கருத்துக்காகச் செபிக்கிறவர்கள் அடையும் பரிபூரண பலனை அந்த ஆத்துமாக்களுக்கு ஒப்புக்கொடுக்கலாம். பெயர் தெரியாதவர்களுக்காக, இன்று இராச் செபமாலைக்குப் பின் வீட்டார் எல்லாரும் முழந்தாளிலிருந்து நித்திய இளைப்பாற்றி செபத்தை ஒரு தரம் சொல்லுங்கள். பெயர் நமக்குத் தெரியாது, கேட்கிறவருக்குத் தெரியும்.

ஆமென்.