வாயில்லா ஜீவனும் நமது சீலமும்





திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவை அடுத்து வாழும் உபாசகக் குடும்பம் ஒன்றிலிருந்து நமக்கு ஒரு வினா வந்துள்ளது. அவ்வீட்டில் ஒரு நாய் வளர்கிறது. இதுகாறும் கடையில் விற்கும் உலர்ந்த பொட்டல உணவையே உண்டு வந்த அதற்கு, இனி வீட்டிலேயே உணவு ஆக்கியிட அவர்கள் எண்ணினர். எண்ணியவுடன் வீடு இரண்டுபட்டது. "நாய் ஓநாயின் இனம், பச்சை இறைச்சியே அதற்கு இயற்கை உணவு" என்றான் மகன். "பஞ்சசீலம் ஏற்ற வீட்டில் புலால் புகலாகாது, சோறும் காயும் போதும்" என்றார் தாயார். தாயாரின் சொல்லே நிலைத்தது. ஒரு திங்களாக வெறுஞ்சோறு தின்று நாய் மெலிந்து வருகின்றதாம். "தம்மம் எவர் பக்கம்?" என்று கேட்டு எழுதியிருக்கின்றனர்.

நாயின் உணவைப் பற்றியும் ஒரு பிரசங்கமா என்று சிலர் நகைக்கக்கூடும். ஆனால் நாயின் உணவைப் பற்றிப் பேச நம் மூதாதையர் நாணவில்லை. ஜாதகக் கதைகளுள் குக்குர ஜாதகம் என்பது ஒன்று. காசி நகரத்து அரசன் பிரமதத்தனுடைய தேரின் தோல்வார்களை இரவில் நாய்கள் கடித்துத் தின்றுவிட்டன. அரசன் சினந்து, கண்ட இடத்திலெல்லாம் நாய்களைக் கொல்லுமாறு ஆணையிட்டான். அரண்மனையில் வளர்ந்த உயர்குல நாய்களுக்கு மாத்திரம் விலக்கு அளித்தான். அப்பொழுது சுடுகாட்டு நாய்களின் தலைவனாகப் பிறந்திருந்தவர் போதிசத்துவர். அவர் அஞ்சாது அரசவை புகுந்து, "குற்றம் செய்தவர் எவரென்று அறியாமலே எளியவரைக் கொல்வதும், குலம் பார்த்துச் சிலரைக் காப்பதும் நீதியாகுமோ?" என்று வினவினார். மோரும் தருப்பைப் புல்லும் கொணர்வித்து அரண்மனை நாய்களுக்கு ஊட்டச் செய்தார். அவை கக்கின; கக்கியதில் தோல் துண்டுகள் வெளிப்பட்டன. உண்மை உணர்ந்த அரசன் எல்லா உயிர்களுக்கும் அபயம் அளித்தான். போதிசத்துவர் முதலான நாய்கள் அனைத்துக்கும், தனக்குச் சமைப்பது போன்ற உணவையே நாள்தோறும் இட ஏற்பாடு செய்தான்.

பிறப்பைப் பார்த்துக் குற்றஞ்சாட்டும் அநீதியை நாம் ஏட்டில் படித்து அறிந்தவர்கள் அல்லேம். இதே திருவிதாங்கூரில், 1924-ஆம் ஆண்டு வைக்கத்தில் அறப்போர் மூண்டது எதன் பொருட்டு? நாயும் மாடும் தடையின்றித் திரிந்த கோயில் வீதிகளில், மக்களுள் ஒரு பகுதியினர் கால்வைக்கலாகாது என்று தடுக்கப்பட்டமையால் அன்றோ? அந்நினைவால் நம்மவருட் சிலர், "நமக்கு மறுக்கப்பட்டது நாய்க்குக் கிட்டிற்றே" என்று அவ்வுயிரை வெறுப்பதுண்டு. வீதியை மறித்தவை நாய்கள் அல்ல, அன்பர்களே! எச்சிலும் மிச்சமுமே உனக்குரியவை என்று கூறப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் நாம். நமது வாசலில் நிற்கும் உயிர்க்கு எதை இடுகிறோம் என்று எண்ணிப் பார்க்க நம்மினும் கடமைப்பட்டவர் யார்? பாபாசாகேப் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளுள் பதின்மூன்றாவது, எல்லா உயிர்களிடத்தும் கருணை காட்டி அவற்றைக் காப்போம் என்பதே.

இனி வினாவுக்கு வருவோம். முதலில் தாயாரின் கூற்றை ஆராய்வோம். சீலம் என்பது என்ன? "இந்நெறியை நான் மேற்கொள்கிறேன்" என்று தானே அறிந்து, தானே விரும்பி ஏற்பது. நாய் அதனை ஏற்கவில்லை, ஏற்கவும் இயலாது. மஜ்ஜிம நிகாயத்தின் 57-ஆம் சுத்தம் சேனியன் என்னும் துறவியைப் பற்றிக் கூறுகிறது. அவன் நாய்விரதம் பூண்டு, தரையில் எறிந்த உணவை நாய்போல் உண்டு வந்தான். அவ்விரதத்தை முற்றப் பயின்றால் நாய்களிடையே பிறப்பாய். அதனால் தேவனாவேன் என்று நம்பினாலோ அது பொய்க்காட்சி என்று பகவான் அறிவுறுத்தினார். சேனியன் கண்ணீர் விட்டுத் திருந்திப் பின்னர் அருகத்தானான். மனிதன் நாயின் ஒழுக்கத்தைப் பூணுதல் பேதைமையெனில், நாயின்மேல் மனிதனின் விரதத்தைச் சுமத்துதல் மாத்திரம் அறிவுடைமை ஆகுமோ? நமது சீலத்துக்காகப் பிறிதோர் உயிர் பசித்து மெலியுமாயின், அச்சீலத்தில் கருணை எங்கே?

ஆயினும் தாயாரின் அச்சம் இகழத்தக்கதன்று. கொல்லாமையே நமது முதற்சீலம். ஜீவக சுத்தத்தில் பகவான், தமக்கெனக் கொல்லப்பட்டதாகக் கண்டதும், கேட்டதும், ஐயுற்றதுமான ஊனைப் பிக்குகள் ஏற்கலாகாது என்று வரையறுத்தார். அது பிக்குகளுக்கான விதியேனும் நமக்கும் வழிகாட்டும். நாய்க்கென்று முற்றத்தில் கோழியறுத்தலும், கொன்று தருமாறு சொல்லிவைத்தலும் நமக்கு ஆகா. அசோக மாமன்னரின் ஐந்தாம் தூண் சாசனம், உயிரைக் கொண்டு உயிரை வளர்த்தல் கூடாதென்று விதிக்கிறது. நாம் நோக்கி நடக்க வேண்டிய திசை அது. ஆனால் அம்மன்னரின் முதற் பாறைச் சாசனத்தையும் காணுங்கள். முன்னர் அரண்மனை மடைப்பள்ளியில் எண்ணிறந்த உயிர்கள் நாள்தோறும் கொல்லப்பட்டன. அது பொறிக்கப்பட்ட காலத்தில் இரு மயிலும் ஒரு மானும் எனக் குறைந்தது. அவையும் இனிக் கொல்லப்படா என்றார் மன்னர். மெய்யான மாற்றம் படிப்படியே வருகிறது.

அடுத்து மகனின் கூற்று. நாய் ஓநாயின் வழி வந்தது என்பது மெய்யே. ஆனால் பல்லாயிரம் ஆண்டுகள் மனிதனோடு வாழ்ந்து அதன் குடலும் மாறிவிட்டது. மாச்சத்தைச் செரிக்கும் நொதிக்குரிய மரபணு, ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு மிகுந்திருப்பதை 2013-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். ஆகவே சோறு நாய்க்குப் பகையன்று. சோறு மாத்திரமே போதாது என்பதே உண்மை. பச்சை இறைச்சியிலோ சால்மொனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். குளிர்ப்பெட்டியில் உறையவைத்தாலும் அவை முற்றும் மாயா. நாய் நோயின்றித் தோன்றினும், அதன் எச்சிலாலும் மலத்தாலும் வீட்டிலுள்ள குழந்தைக்கும் முதியோர்க்கும் அவை பரவலாம். பச்சைக் குடல், ஈரல் முதலியவற்றால் நாடாப்புழுவும் சேரும். ஆதலின் வேகவைத்தலே நலம்.

எனவே பகவான் காட்டிய நடுவழியே இங்கும் வழி. நாய், பூனையைப் போல் ஊனின்றி வாழவியலாத பிராணி அன்று. முட்டை, தயிர், பருப்பு ஆகியவற்றைச் சோற்றுடன் சேர்த்து, குறையும் சத்துகளைக் கால்நடை மருத்துவரின் சொற்படி நிரப்பினால் அது நலமுற வாழக்கூடும். அதனால் இயலாதெனில், கடைத்தெருவில் ஏற்கெனவே விலைக்கு வந்த மீனையோ இறைச்சியையோ வேண்டிய அளவே வாங்கி, முள்ளும் எலும்பும் நீக்கி வேகவைத்துச் சேர்க்கலாம். வெந்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும், அதனை இடலாகாது. எலும்பில்லா உணவில் சுண்ணாம்புச்சத்து குன்றுமாதலின், பொடித்த முட்டையோட்டின் அளவை மருத்துவரிடம் கேட்டு அறிக. மரவள்ளிக் கிழங்கிடுவோர் நன்கு வேகவைத்து நீரை வடித்துவிடுக. பச்சைக் கிழங்கில் நஞ்சுண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் குருதியைக் கெடுக்கும். திராட்சையும் சாக்கலேட்டும் அதற்கு நஞ்சே. நாம் உண்ணும் குழம்பைப் பிசைந்து வைப்பதை அன்பென்று எண்ணுவோர் இதனைக் கருதுவாராக.

மாற்றத்தையும் ஒரே நாளில் செய்யற்க. முதல் இரண்டு மூன்று நாள் பழைய உணவில் கால்பங்கு மாத்திரம் புதியது, பின்னர்ப் பாதி, பின்னர் முக்கால், ஏழு முதல் பத்து நாளில் முழுமை. வயிறு கழிந்தால் ஒருபடி பின்வாங்குக. வீட்டுணவு ஒத்துவரவில்லையெனில் பழைய பொட்டல உணவுக்கே திரும்புவதில் இழுக்கொன்றுமில்லை. நமது கொள்கை வென்றதா என்பது கேள்வியன்று. அவ்வுயிர் தேறியதா என்பதே கேள்வி.

இறுதியாக ஒன்று. காசி அரசன் அரண்மனை நாய்களுக்கு மாத்திரம் உணவிடவில்லை. சுடுகாட்டு நாய்களுக்கும் இட்டான். திருவனந்தபுரத்தின் தென்கடற்கரையில், புல்லுவிளையில், 2016 ஆகஸ்டில் முதிய பெண்மணி ஒருவரைத் தெருநாய்கள் கடித்துக் கொன்றன. அதே கரையிலுள்ள அடிமலைத்துறையில், 2021 ஜூனில், புரூனோ என்னும் வளர்ப்பு நாயை மனிதர் அடித்துக் கொன்றனர். கேரள உயர்நீதிமன்றம் தானே முன்வந்து அவ்வழக்கை ஏற்று, அந்நாயின் பெயரையே அதற்குச் சூட்டியது. அச்சமும் வெறுப்பும் மாறிமாறி வளர்ந்தால் கரை இரண்டு சாவுகளையும் காணும். ஆகவே இறைச்சிக் கழிவைத் தெருவில் எறிந்து நாய்க்கூட்டத்தைப் பெருக்காதீர்கள். உணவிடும் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியும் இடச் செய்யுங்கள். ஊர் காக்கப்படுவதும் கருணையே.

அம்மையே, உங்கள் இரக்கம் மெய். தம்பி, நாயின் உடலை அறிய முயன்ற உன் நாட்டமும் மெய். இரண்டும் ஒரே அடுப்பில் சேரட்டும். மெலிந்த அவ்வுயிரை நாளையே மருத்துவரிடம் காட்டுங்கள். பின்னர் அதன் உணவை உங்கள் உலையருகிலேயே ஆக்குங்கள். தூய கலத்தில், உரிய வேளையில், எறியாது வையுங்கள்.

சகல ஜீவராசிகளும் பசியும் அச்சமும் நீங்கி வாழ்வனவாக!

சாது! சாது! சாது!