வெருகின் வேட்டையும் நம் உடன்பாடும்

கொல்லாமையை நோன்பாகக் கொண்ட இல்லறத்தார், கொன்றுண்டு வாழும் ஓர் உயிரைக் காத்தல் தகுமா? நிலபுலன் உடைய நம் குடும்பங்களில் அவ்வப்போது எழும் வினா இது.

கல்மரங்களால் பெயர்பெற்ற திருவக்கரையைச் சூழ்ந்துள்ள சங்கராபரணி ஆற்றோரப் புதர்களும், கரும்புத் தோட்டங்களும், ஏரிக் கோரைகளும் காட்டுப்பூனைக்கு ஏற்ற உறைவிடங்கள். சங்க நூல்கள் காட்டுப்பூனையை வெருகு என்னும். வீட்டுப் பூனையினும் நீண்ட காலும், காதுநுனியில் சிறு கருமயிரும், வால்நுனியருகே கருவளையங்களும் உடையது இது. ஆப்பிரிக்காவில் எகிப்து நாட்டு நைல் ஆற்றங்கரை தொடங்கி, நம் நாட்டையும் கடந்து தென்கிழக்காசியா வரை இவ்வினம் பரவியுள்ளது.

இதன் முதன்மை உணவு எலி. இராஜஸ்தான் மாநிலச் சரிஸ்காக் காட்டில் ஆய்ந்தோர், ஒரு வெருகு நாளொன்றுக்கு 3 முதல் 5 எலிகள் வரை உண்ணும் என மதிப்பிட்டனர். ஆதலின் உழவரின் நண்பன் என இதனைப் போற்றுவர். இங்கேதான் நாம் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூவகையாலும் இம்சை நேரும் என்பது நம் அறநூல்களின் முடிபு. எலியைக் கொல்கிறது என்பதற்காகவே வெருகைக் காப்போமாயின், நம் கை செய்யாத கொலைக்கு நம் நெஞ்சு உடன்பட்டதாகாதா?

கொலைத்தொழிலுடையது என்று அதனை வெறுத்தலும் அறமன்று. ஊனின்றி வாழ இயலா உடலோடு பிறந்தது அது. பகவான் மகாவீரரின் உயிர் சிங்கப் பிறவியில் ஊனை விட்டதன்றோ எனச் சிலர் வினவலாம். உண்மையே. ஆயின் அச்சிங்கத்தை முனிவர்கள் திருத்தியது அறவுரையால், ஆயுதத்தால் அன்று. கோழியைக் கவர்ந்த வெருகிற்கு நஞ்சு வைப்பதற்கு அவ்வரலாறு சான்றாகாது.

எனவே வெருகை அதன் உயிரின் பொருட்டே காத்தல் வேண்டும். எலிகளிடத்தும் நம் கடமை உண்டு. நெற்குதிரையும் பத்தாயத்தையும் எலி புகாவண்ணம் அடைத்து வைப்போம். வயலில் எலி நஞ்சு வையோம்; நஞ்சுண்ட எலியைத் தின்னும் வெருகும் ஆந்தையும் மடிய நேரும். கோழி வளர்க்கும் அண்டை வீட்டாரிடம், இரவில் கூட்டை நன்கு மூடுமாறு கனிவாகக் கூறுவோம். கரும்பு வெட்டுகையில் குட்டிகளைக் கண்டால் அவ்விடத்தே விட்டு விலகுவோம். தாய் வந்து கவ்விச் செல்லும். வெருகைக் கொல்லுதல் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படியும் குற்றமாகும்.

இவ்வாறு ஒழுகினால் அறுவடையில் சில மரக்கால் நெல் குறையவும் கூடும். அவ்விழப்பை முகம் சுளியாது ஏற்கும்போதே, நாம் ஏற்ற நோன்பு நம் வயலிலும் நிலைபெறும்.