எவ்வளவு தேய்ப்பது?

புளி பட்ட இடத்தில் பித்தளையின் மஞ்சள் வெளியே வருவதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஒரு உருண்டைப் பழம்புளி, கொஞ்சம் கல்லுப்பு, தேங்காய் நார் போதும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் கறுப்பைக் கரைக்கிறது. உப்பு அதற்குக் கை கொடுக்கிறது. ஆனால் அந்தக் கறுப்பும் பச்சைக் களிம்பும் எங்கிருந்தோ வந்து ஒட்டிய தூசி இல்லை. காற்றும் ஈரமும் பட்டு, பாத்திரத்தின் செம்பே அப்படி மாறியிருக்கிறது. துலக்கிய தண்ணீரோடு ஒவ்வொரு முறையும் பாத்திரமும் கொஞ்சம் போகிறது. ராத்திரி முழுக்கப் புளியில் ஊறப் போட்டால் பித்தளை சிவந்துவிடுவதும் இதனால்தான்: துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் மேலே நிற்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு, எங்கே கையை நிறுத்துவது என்ற கேள்வி என்னை விடவில்லை.

எங்கள் வீட்டுத் தவலையின் கழுத்தில் பாட்டியின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. கல்யாணச் சீரில் வந்தது. பெரிய கூட்டுக் குடும்பத்தில் 'இது என்னுடையது' என்று அவளால் சொல்ல முடிந்த சாமான்கள் அநேகமாக அப்படிப் பெயர் வெட்டியவை மட்டும்தான். அதை வெள்ளிக்கிழமைதோறும் செங்கல் பொடி போட்டு அவளே தேய்த்தாள். பிறகு அம்மா தேய்த்தாள்; சபீனா பொடி வந்தது, பீதாம்பரி வந்தது. இப்போது முதல் எழுத்தை விரலால் தடவித்தான் படிக்க முடிகிறது. பெயரை அழித்தது அலட்சியம் அல்ல. அத்தனை வருடமும் விடாமல் காட்டிய அக்கறை.

பாலிஷ் கடையில் மெஷினில் கொடுத்தால் புதுசு போல ஆகிவிடும் என்று மகள் ஆசைப்பட்டாள். கடைக்காரர் நல்லவர், முதலிலேயே சொல்லிவிட்டார்: "பளபளன்னு ஆயிடும்மா, ஆனா பேரு நிக்காது." தவலையைத் திருப்பி எடுத்து வந்துவிட்டோம்.

எங்கே நிறுத்துவது என்ற கேள்வி அருங்காட்சியகங்களுக்கும் உண்டு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் வெண்கலப் படிமங்களைக் காக்க 1930-இலேயே வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். மண்ணுக்கடியில் கிடந்த படிமத்தில் பச்சைப் படலம் சீராக, உறுதியாக இருந்தால் அதைச் சுரண்டுவது பாதுகாப்பு முறை அல்ல. அதுவே உள்ளிருக்கும் உலோகத்துக்குக் காவல். குளோரைடு ஏறி, தூள்தூளாக உதிர்ந்து, உலோகத்தைத் தின்னும் 'வெண்கல நோய்' கண்டால்தான் சிகிச்சை. எல்லாக் கறையும் நோயல்ல என்ற இந்த அறிவு எனக்கு வீட்டுக்குள்ளும் வேண்டியிருக்கிறது.

அதற்காகச் சமையலறையை அருங்காட்சியகமாக்க முடியாது. களிம்பேறிய பாத்திரத்தில் மோரோ ரசமோ வைத்தால் வாந்தியில் கொண்டுபோய் விடும். பாத்திரத்தின் உட்புறத்தில் களிம்புக்கு இடமே கொடுக்கக் கூடாது. வெள்ளீயம் பூசிய பாத்திரம் என்றால் உள்ளே நாரும் ஆகாது. ஈயம் மென்மையானது, சுரண்டினால் வந்துவிடும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் காயவிட்டால் ஈயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகும். பிறகு நவச்சாரம் தூவி மறுபடி பூசித் தரும் ஆளைத் தேடி அலைய வேண்டும்.

வெளிப்பக்கம் வேறு கதை. கார்த்திகைக்கும் ஆயுத பூஜைக்கும் முன்னால் அம்மாவின் விரல் நுனிகள் புளியிலும் செங்கல் பொடியிலும் வெடித்திருக்கும். குத்துவிளக்கின் மினுக்கைப் பார்த்து மருமகளை எடைபோட்ட காலம் அது. ஊர்க் கண்ணுக்காகத் தேய்த்த அந்தத் தேய்ப்பில் பித்தளையோடு அவள் கையும் தேய்ந்தது. அந்த அளவுக்குப் பளபளப்பு எந்த வீட்டுக்கும் தேவையில்லை என்று உறுதியாக நினைக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கை வெந்நீரும் சீயக்காயும் எடுத்துவிடும். புளி போட்டுக் கழுவி, ஈரம் போக உடனே துடைத்து, உலர்ந்த விபூதியால் ஒருமுறை தேய்த்தால் விளக்குக்குப் போதுமான ஒளி வந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் துலக்கும் வேலை இப்போது மகனுக்கும் உண்டு. தவலையையும் நாரையும் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுவேன்: "அடிப்பக்கம் நல்லா அழுத்தித் தேய்ப்பா. கழுத்துக்குப் புளியும் விரலும் போதும்."