வாகன தானமும் தாரை வார்த்தலும்

எம்பெருமானுக்கு வாகனங்கள் பல. உற்சவ காலங்களில் கருடன், அனுமன், குதிரை ஆகியவற்றின்மீது எழுந்தருளி, சந்நிதிக்கு வர இயலாத முதியோருக்கும் நோயாளருக்கும் வீதியிலேயே சேவை சாதிக்கிறான். நடக்கமாட்டாதவரிடம் அருளைக் கொண்டு சேர்ப்பதே வாகனத்தின் பயன் என்பதை இதனால் உணர்த்துகிறான்.

சேந்தமங்கலத்தைத் தன்னுள் கொண்ட நாமக்கல் சீமை லாரித் தொழிலால் பெயர் பெற்றது. இங்கே தாம் ஓட்டிய வண்டியை ஓர் ஆதரவற்றோர் இல்லத்திற்கோ மருத்துவப் பணிக்கோ அளிக்க விழையும் அன்பர்க்கு, ‘பழையதைக் கொடுப்பது தானமாகுமா?’ என்னும் ஐயம் எழுதல் இயல்பு.

கோதை நாச்சியார் சூடிக் களைந்த மாலையையே வடபத்ரசாயி உவந்து ஏற்றான். பரதாழ்வான் தலைமேல் தாங்கி வந்தது இராமபிரானின் திருவடி நிலைகளை. பறம்பின் கோமான் பாரி முல்லைக்கொடிக்கு ஈந்ததும் தான் ஏறி வந்த தேரையே. ஆகவே, பயன்படுத்திய பொருள் என்பது குற்றமன்று.

குற்றம் எது என்பதைக் கடோபநிஷத்து காட்டுகிறது. நசிகேதனின் தந்தை வேள்வியிலே பசுக்களைத் தானம் செய்தார். அவையோ பால் வற்றி, புல் மேயவும் நீர் அருந்தவும் வலியற்றவை. இத்தகைய கொடையாளர் சேருமிடம் இன்பமற்ற உலகம் என்று அச்சிறுவன் உள்ளம் நடுங்கினான். தனக்குச் சுமையாகிவிட்டதைப் பிறர் தலையில் ஏற்றுவது தானமாகாது.

இந்த எச்சரிக்கை இவ்வூர்ப் பகுதிக்கு மிகவும் பொருந்தும். வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பிரேக் தேய்ந்த வேன் ஒன்றை மலைவாழ் நோயாளிகளுக்கென்று அளித்தால், அக்கொடை யமனுக்கு விடுத்த அழைப்பாகும். ஆதலின், கொடுக்குமுன் வண்டியைப் பழுது நீக்கித் தகுதிச் சான்று பெறுதல் வேண்டும். ஓடத் தகுதியற்றதாயின், 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்து, கிடைக்கும் தொகையைத் தருமத்திற்கு அளிக்கலாம். அதுவும் தூய தானமே.

தானத்திற்கு மற்றோர் அங்கமும் உண்டு. மூவடி மண் தருவதாக மாவலி வாக்களித்த பின்பும், நீர் வார்த்தால்தான் தானம் நிறைவுறும் என்பதறிந்தே சுக்கிராசாரியார் கெண்டியின் துவாரத்தை அடைத்தார் என்பர். ‘இனி இது என்னுடையதன்று’ என்று பற்றறுப்பதே தாரை வார்த்தலின் உட்பொருள். வாகன தானத்தில் பெயர் மாற்றமே தாரை வார்த்தல். மாநிலத்திற்குள் கைமாறும் வண்டியைப் பற்றிக் கொடுத்தவர் 14 நாட்களுக்குள்ளும், பெற்றவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டிற்குப் பொறுப்பாவார் என்று 2018-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. சாவியை மட்டும் தந்து பெயரை மாற்றாதவர் பாதியே கொடுத்தவராவார்.

பெறுபவர்க்கும் கடமை உண்டு. குருவாயூரப்பனுக்கு 2021 டிசம்பரில் காணிக்கையாக வந்த புதிய ஜீப்பு வண்டி 15 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் போயிற்று. ஒருவரே ஏலம் கேட்டமையால் எதிர்ப்பு எழுந்தது. 2022 ஜூனில் நடந்த மறு ஏலத்தில் அதே வண்டி 43 லட்சத்திற்கு விலைபோயிற்று. அறப்பொருளைப் பலரறியக் கையாண்டால் அது பெருகும் என்பதற்கு இது சான்று.

தக்க இடத்தில், தக்க காலத்தில், தக்கவர்க்கு, கைம்மாறு கருதாது அளிப்பதே சாத்துவிக தானம் என்று கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில் கண்ணபிரான் அருளினான். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நைனாமலைப் படிகளில் ஏறி வரதராஜப் பெருமாளைச் சேவிப்போர், தம் கால்களின் வலிமை அவன் தந்தது என்பதை அறிவர். அவ்வலிமை இல்லாதார்க்கு ஒரு வண்டியைச் செம்மையாக்கி அளிப்பதும் அவன் திருவுள்ளம் உகக்கும் கைங்கரியமே.